டிஏபி வந்தது, கந்தகம் போனது

"அடியுரமா டிஏபி போட்டேன், இருபதாம் நாள் யூரியாவும் விட்டேன். இருந்தும் மல்லாட்டைக் குருத்து வெளுத்துக் கிடக்குதுண்ணே. இன்னொரு கை யூரியா விடட்டுமா?"

மல்லாட்டை என்கிற நிலக்கடலைக்கு மார்கழிப் பட்டம் தொடங்கிவிட்டால் திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கமிருந்து இந்தக் கேள்வி வராத வாரம் கிடையாது. பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான்: வெளுப்பு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? பலர் அதற்காகவே மறுபடியும் நிலத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். அடியிலை பச்சை, குருத்து மட்டும் இளமஞ்சள் என்றால் யூரியாவைத் தொடாதீர்கள் என்பேன். அங்கே பெரும்பாலும் குறைவது தழைச்சத்து அல்ல, கந்தகம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தழைச்சத்து குறைந்தால் பயிர் தன் பழைய இலைகளில் இருப்பதை உருவிக் குருத்துக்கு அனுப்பிவிடும். அதனால் அடியிலைதான் முதலில் மஞ்சளாகும். கந்தகம் அவ்வளவு லேசில் இடம் மாறாது. பழைய இலையின் புரதத்துக்குள் ஒருமுறை போய் உட்கார்ந்துவிட்டால் அங்கேயே தங்கிவிடும்; குருத்து பட்டினி கிடக்கும். இரும்புச்சத்துக் குறைவும் குருத்தில்தான் வரும், ஆனால் அதில் நரம்பு பச்சையாக நிற்க, நரம்புக்கு இடைப்பட்ட இடம் மட்டும் வெளுக்கும். சுண்ணாம்பு மண்ணிலும், மழைத் தண்ணீர் தேங்கிய நிலத்திலும் பார்க்கலாம். தண்ணீர் தேங்கியதால் வந்தது, ஈரம் தணிந்ததும் பெரும்பாலும் தானே தெளியும். கந்தகக் குறைவில் நரம்போடு சேர்த்து இலை முழுவதும் ஒரே சீராக வெளுக்கும்.

மல்லாட்டை, உளுந்து, பயறு போன்ற பயிர்களில் ஒரு சிக்கல் உண்டு. வேர்முடிச்சில் காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கிற நொதிக்குள் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கட்டமைப்பு இருக்கிறது. கந்தகம் இல்லையென்றால் முடிச்சு வேலை செய்யாது. பயிர் தழைச்சத்துக்கும் ஏங்கும். செடி முழுவதுமே வெளிறிப்போகும். யூரியா போட்டால் லேசாக நிறம் திரும்புவது போலத் தோன்றுவது இதனால்தான். அந்த நிறத்தை நம்பி ஏமாந்துவிடக் கூடாது. சிஸ்டைன், மெத்தியோனைன் என்ற இரண்டு அமினோ அமிலங்களிலும் கந்தகம் இருக்கிறது. அவை இல்லாமல் புரதம் முழுமையாகக் கட்டப்படாது. ஏறக்குறைய 15 பங்கு தழைச்சத்துக்கு ஒரு பங்கு கந்தகம் என்பது தானியப் பயிர்களின் கணக்கு. அந்த ஒரு பங்கு கிடைக்காதபோது எவ்வளவு யூரியா கொட்டினாலும் அது புரதமாகாமல் இலையிலேயே தேங்கும். தேங்கிய தழைச்சத்து சாறுறிஞ்சிப் பூச்சிகளுக்குத்தான் விருந்து.

எவ்வளவு கந்தகம் வேண்டும்? ஒரு டன் தானியம் விளைய 3 முதல் 4 கிலோ. பயறு வகையில் ஒரு டன்னுக்கு 8 கிலோ அளவில். எண்ணெய் வித்தில் 12 கிலோ அளவில். எண்ணெய் வித்துக்கு ஏன் இவ்வளவு என்றால், எண்ணெய் உருவாகும் பாதையிலேயே கந்தகம் கொண்ட துணை நொதி ஒன்று நடுநாயகமாக இருக்கிறது. கடுகின் நெடியும் வெங்காயத்தின் காரமும் கந்தகச் சேர்மங்களே. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் விளையும் விடாலியா வெங்காயம் காரமில்லாமல் இனிப்பதற்கு அந்த ஊர் மணல்சாரி மண்ணில் கந்தகம் குறைவாக இருப்பது ஒரு முக்கியக் காரணம். அவர்கள் அதையே பெயராக்கி விற்கிறார்கள். நம் பெரம்பலூர், திண்டுக்கல் சின்ன வெங்காயத்துக்கு அந்தக் கதை ஒத்துவராது. கண்ணைக் கரிக்காத சின்ன வெங்காயத்தை யார் வாங்குவார்கள்?

சரி, நம் தாத்தாக்கள் கந்தகம் என்று தனியாக எதையும் போட்டதில்லையே, அப்போது எப்படி விளைந்தது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவர்கள் எடுத்த மகசூலும் குறைவு, மண்ணிலிருந்து போனதும் குறைவு. தொழுவுரம் போட்டார்கள். மண்ணிலுள்ள கந்தகத்தில் பெரும்பகுதி, பல மண்களில் 95 சதவீதம் வரை, மட்கிய பொருளுக்குள்தான் இருக்கிறது; நுண்ணுயிர்கள் அதை மெல்ல மெல்ல சல்பேட்டாக மாற்றித் தரும். வேர் எடுத்துக்கொள்வது அந்த சல்பேட்டைத்தான்.

அதற்குப் பிறகு கடை உரம் வந்தபோதும் கந்தகம் சொல்லாமல் கொள்ளாமல் கூடவே வந்தது. இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் ஆலை நம் ராணிப்பேட்டையில்தான் 1906இல் தொடங்கியது. 1947இல் கேரளத்தின் உத்யோகமண்டலில் ஃபாக்ட் ஆலை விறகை எரித்து வாயு எடுத்து அம்மோனியம் சல்பேட் செய்தது. 1951இல் பீகாரின் சிந்திரியில் (இன்று ஜார்க்கண்ட்) வந்த பெரிய அரசு ஆலையும் செய்தது அம்மோனியம் சல்பேட்தான். அதற்கு மூலப்பொருள் ஜிப்சம். ஆக, தழைச்சத்து என்று வாங்கியதிலும் கந்தகம், மணிச்சத்து என்று வாங்கியதிலும் கந்தகம். அதற்கென்று யாரும் தனியே காசு கொடுக்கவில்லை.

பிறகு யூரியா வந்தது. 46 சதவீதம் தழைச்சத்து, கந்தகம் சுத்தமாக இல்லை. டிஏபி வந்தது. 18 தழை, 46 மணி, கந்தகம் இல்லை. சிவப்பு பொட்டாஷ், 60 சாம்பல், அதிலும் இல்லை. மூன்றும் நல்ல உரங்கள்தான், அதில் எனக்கு மறுப்பு கிடையாது. ஆனால் சத்து செறிவாக வேண்டும், மூட்டை குறைய வேண்டும், லாரி வாடகை குறைய வேண்டும் என்று மாறிக்கொண்டே வந்ததில், கூடவே வந்துகொண்டிருந்த கந்தகம் கழன்றுவிட்டது. கந்தகத்தை நிறுத்துவோம் என்று யாரும் முடிவெடுத்து நிறுத்தவில்லை என்பதால் அது போனதை யாரும் கவனிக்கவும் இல்லை.

போன கந்தகம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. பாறை பாஸ்பேட்டின் மேல் கந்தக அமிலத்தை ஊற்றினால் சூப்பர் பாஸ்பேட் கிடைக்கும். அந்த வினையில் உண்டாகும் ஜிப்சம் அப்படியே உரத்துக்குள்ளேயே கலந்திருக்கும். மூட்டையோடு வயலுக்கு வந்துவிடும். டிஏபிக்கும் முதல் படி கிட்டத்தட்ட அதேதான்: அதே பாறை, அதே கந்தக அமிலம். ஆனால் அங்கே பாஸ்பாரிக் அமிலத்தை மட்டும் வடித்தெடுத்து அம்மோனியாவோடு சேர்த்து டிஏபி ஆக்குகிறார்கள். ஜிப்சம் ஆலையின் பின்பக்கம் குவிகிறது. ஒரு டன் மணிச்சத்துக்கு ஏறக்குறைய 5 டன் ஜிப்சம் என்பது கணக்கு. ஒரு 50 கிலோ டிஏபி மூட்டையில் 23 கிலோ மணிச்சத்து. அப்படியானால் அந்த ஒரு மூட்டை உருவாகும்போது நூறு கிலோவுக்கு மேல் ஜிப்சம் ஆலையிலேயே தங்கிவிடுகிறது. தூத்துக்குடியிலும் ஒடிசாவின் பாரதீப்பிலும் மலைபோல் நிற்பது அதுதான். நம் மல்லாட்டைக்கு வரவேண்டிய கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் அந்தக் குவியலில் கிடக்கின்றன.

மூட்டைக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு மூட்டை சூப்பரில் 16 சதவீதம் மணிச்சத்து, அதாவது 8 கிலோ. கந்தகம் 11 சதவீதம், அதாவது ஐந்தரை கிலோ. ஒரு மூட்டை டிஏபியின் 23 கிலோ மணிச்சத்தை சூப்பராக வாங்கினால் மூன்று மூட்டைக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். டிஏபியில் உள்ள 9 கிலோ தழைச்சத்துக்கு 20 கிலோ யூரியா சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப் போட்டால் இலவச இணைப்பாக 16 கிலோ கந்தகம் வரும். "மூணு மூட்டை சூப்பர் தூக்கறதுக்கு ஒரு மூட்டை டிஏபி தேவலாம்" என்று உரக்கடையில் சொல்வார்கள். சுமைகூலியும் வண்டிவாடகையும் உண்மையான செலவுதான், அதை நான் தட்டிக்கழிக்கவில்லை. ஆனால் மல்லாட்டைக்கும் உளுந்துக்கும் எள்ளுக்கும் அந்தச் சுமை தகும் என்றே சொல்வேன். மல்லாட்டைக்கு ஏக்கருக்கு இரண்டு மூட்டை சூப்பர் அடியுரமாகப் போனால் 16 கிலோ மணிச்சத்தும் 11 கிலோ கந்தகமும் போய்விடுகிறது. ஒரு டன்னை நெருங்கும் மகசூலுக்குக் கந்தகத் தேவை ஏறக்குறைய அதுவேதான். தழைச்சத்து அதிகம் கேட்கிற பயிர் என்றால் இருபது-இருபது காம்ப்ளக்ஸ் இருக்கிறது. மூட்டையின் மேல் 20-20-0-13 என்று அச்சிட்டிருக்கும். கடைசியில் நிற்கும் அந்த 13 கந்தகம். மூட்டைக்கு ஆறரை கிலோ. பல வீடுகளில் வருஷக்கணக்காக வாங்குகிறார்கள், அந்த நாலாவது எண் என்ன என்று கேட்டால் தெரியவில்லை.

ஜிப்சத்துக்கு வருவோம், அதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மல்லாட்டைக்கு ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் சொல்கிறது. ஏக்கருக்கு 160 கிலோ, மூன்று மூட்டைக்குக் கொஞ்சம் மேலே. இறவையில் விதைத்த 40–45ஆம் நாள் செடியின் ஓரமாகப் போட்டு, கொத்திவிட்டு மண் அணைக்க வேண்டும். மானாவாரியில் ஈரம் எப்போது கிடைக்கிறதோ அதைப் பார்த்து 40ஆம் நாளிலிருந்து 75ஆம் நாளுக்குள் போடலாம். ஏன் இந்த நாள்? விழுது இறங்கும் காலம் அது. மற்றப் பயிர்களில் சுண்ணாம்புச் சத்து வேரில் நுழைந்து தண்ணீரோடு மேலே ஏறி இலை, காய் எல்லாவற்றுக்கும் போகும். இலையில் தண்ணீர் ஆவியாவதுதான் அந்த ஓட்டத்தை இழுக்கிறது. மல்லாட்டைக் காய் மண்ணுக்குள் இருக்கிறது. அங்கே ஆவியாதல் இல்லை. எனவே வேர் எடுத்த சுண்ணாம்பு இலைக்குப் போகுமே தவிர காய்க்கு வந்து சேராது. விழுதும் பிஞ்சும் தங்களைச் சுற்றியுள்ள மேல்மண்ணிலிருந்து நேரடியாகத்தான் அதை உறிஞ்ச வேண்டும். அந்த இரண்டு மூன்று அங்குல மண்ணில் சுண்ணாம்புச் சத்து இல்லையென்றால் ஓடு வளரும், உள்ளே பருப்பு பிடிக்காது. பிடுங்கிப் பார்த்தால் பொக்கு.

இந்த இடத்தில் ஜிப்சம் இரண்டு வேலை செய்கிறது: சுண்ணாம்பு காய்க்கு, கந்தகம் செடிக்கும் எண்ணெய்க்கும். சுண்ணாம்புக் கல் பொடியைப் போட்டால் ஆகாதா என்றால், அது தண்ணீரில் கரைவது மிக மிகக் குறைவு, அதில் கந்தகமும் கிடையாது. ஜிப்சம் ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டரை கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கரையும். பாசனத்துக்குப் பாசனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கிடைக்க இது சரியான அளவு. ஜிப்சம் போட்டால் மண் சுண்ணாம்பாகிவிடும், காரம் ஏறிவிடும் என்றும் ஒரு பயம் உண்டு. ஏறாது. காரம் மிகுந்த களர் நிலத்தைத் திருத்த இதையேதான் டன் கணக்கில் கொட்டுகிறார்கள்.

வாங்கும்போது தூய்மையைக் கேளுங்கள். சுத்தமான ஜிப்சத்தில் பதினெட்டரை சதவீதம் கந்தகம் உண்டு. விவசாயத்துக்கு விற்பதில் 13 முதல் 18 வரை எதுவாகவும் இருக்கலாம். 15 என்று வைத்துக்கொண்டால் 160 கிலோவில் 24 கிலோ கந்தகம். கட்டி கட்டியாக ஈரமாக இருந்தால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள் என்று பொருள்.

செம்மண், மணல்சாரி நிலம், மட்கு குறைவு, மல்லாட்டைக்குப் பின் மல்லாட்டை: கந்தகம் குறைய இதைவிட வேறு காரணம் வேண்டாம். சல்பேட் மண்ணில் அவ்வளவாக ஒட்டாது. கனமழையில் வேருக்குக் கீழே இறங்கிவிடும். அதோடு மல்லாட்டையில் நாம் செடியையே வேரோடு பிடுங்கிக் கொடியை மாட்டுக்குக் கொண்டுபோகிறோம். காயில் போனதும் போச்சு, கொடியில் போனதும் போச்சு. அந்தக் கொடியைத் தின்ற மாட்டின் சாணம் அதே நிலத்துக்குத் திரும்பினால் ஒரு பங்கு மீளும். பல வீடுகளில் கொடியையே விற்றுவிடுகிறார்கள்.

ஆனால் எல்லா நிலத்துக்கும் கந்தகம் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சில கிணற்றுத் தண்ணீரிலேயே வேண்டிய அளவு இருக்கும். ஒரு லிட்டரில் 10 மில்லிகிராம் சல்பேட் கந்தகம் உள்ள தண்ணீரை நூறு மில்லிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினால் ஏக்கருக்கு 4 கிலோ கந்தகம் தானாக வந்துவிடும். ஒரு பட்டத்துக்கு அதைப்போல் பல மடங்கு பாய்ச்சுகிறோம். எனவே தண்ணீரையும் சோதித்துப் பாருங்கள். மண் பரிசோதனையில் கந்தகம் 10 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் குறைவு என்பது பொதுவான எல்லை. 2015இல் வந்த மண்வள அட்டையின் 12 அளவீடுகளில் கந்தகமும் ஒன்று. அட்டையை வாங்கி மடித்து வைக்காமல் அந்த வரியை மட்டுமாவது பாருங்கள். ஒரு எச்சரிக்கை: மாதிரி எடுப்பது மேல் அரையடி மண்ணில். அதற்குக் கீழே களிமண் படலம் இருந்தால் இறங்கிப்போன சல்பேட் அங்கே தேங்கியிருக்கும். வேர் ஆழம் போனதும் பயிர் தானே தேறிக்கொள்ளும். ஆகவே அட்டையின் எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அட்டையைவிட எனக்குப் பிடித்தது நிலத்திலேயே கேட்டுப் பார்ப்பது. மக்காச்சோளமோ கம்போ நெல்லோ நிற்கிற வயலில் பத்து சென்ட், பத்து சென்டாக இரண்டு பட்டை பிரியுங்கள். மேலுரம் போடும் நாளில் ஒன்றுக்கு நாலரை கிலோ யூரியா, இன்னொன்றுக்கு 10 கிலோ அம்மோனியம் சல்பேட். இரண்டிலும் தழைச்சத்து ஏறக்குறைய 2 கிலோ, சமம். இரண்டாவதில் மட்டும் இரண்டு கிலோவுக்கு மேல் கந்தகம் கூட. பத்துப் பதினைந்து நாளில் குருத்தின் நிறத்தில் வித்தியாசம் தெரிந்தால் உங்கள் மண் பதில் சொல்லிவிட்டது. தெரியவில்லையென்றால் கந்தகச் செலவை அந்தப் பயிருக்கு விட்டுவிடலாம். மல்லாட்டையில் இதையே ஜிப்சம் போட்ட பட்டை, போடாத பட்டை என்று வைத்து, அறுவடையன்று பத்துப் பத்துச் செடி பிடுங்கிப் பொக்கை எண்ணிப் பாருங்கள்.

நம் ஊருக்கு மட்டும் வந்த சங்கதி இல்லை இது. ஐரோப்பாவில் நிலக்கரிப் புகை கந்தக டையாக்ஸைடாக வானத்தில் ஏறி மழையோடு வயலில் இறங்கிக்கொண்டிருந்தது. அமில மழையைத் தடுக்கப் புகையைச் சுத்தம் செய்தார்கள். செய்ய வேண்டிய காரியம்தான். ஆனால் மழையோடு வந்த கந்தகமும் அதோடு குறைந்தது. 1980களில் வட ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் பகுதியில் ரேப் எனப்படும் கடுகினப் பயிர் மஞ்சளுக்குப் பதில் வெளிறிய வெள்ளைப் பூ பூத்தது. கந்தகம் கிடைக்காத பயிரின் அடையாளம் அது. இங்கிலாந்தில் கோதுமை மாவு ரொட்டிக்கு ஒழுங்காக உப்ப மறுத்தது. மாவின் இழுவைத் தன்மையைத் தருவது புரதத்திலுள்ள கந்தகப் பிணைப்புகள். அங்கே இன்று கோதுமைக்கும் கந்தகம் போடுவது வழக்கமாகிவிட்டது. இங்கே மல்லாட்டை மார்க்கெட்டில் பொக்கு அதிகம் என்று விலை குறைக்கும்போதுகூடக் கந்தகத்தின் பெயர் அடிபடுவதில்லை.

கந்தகப் பொடி, பென்டோனைட் கந்தகம் பற்றியும் கேட்கிறார்கள். 90 சதவீதம் கந்தகம், 10 கிலோவில் 9 கிலோ, தூக்கச் சுளுவு. ஆனால் வேர் அதை அப்படியே எடுக்காது. தையோபாசில்லஸ் போன்ற பாக்டீரியா அதை சல்பேட்டாக மாற்ற வேண்டும். அதற்கு ஈரமும் சூடும் சில வாரங்களும் வேண்டும். விதைப்புக்கு மூன்று நான்கு வாரம் முன்பே மண்ணில் கலந்தால் சரி. குருத்து வெளுத்த பிறகு போட்டால் அடுத்த பயிருக்குத்தான் உதவும். அவசரத்துக்கு அம்மோனியம் சல்பேட்தான். சாம்பல் நோய்க்குத் தெளிக்கும் நனையும் கந்தகத்தை நம்பாதீர்கள்: லிட்டருக்கு 2 கிராம் வீதம் ஏக்கருக்கு 200 லிட்டர் அடித்தாலும் மொத்தமே 400 கிராம் மருந்து, பயிர் கேட்பது கிலோக் கணக்கில். 2023 ஜூலையில் அறிமுகமான யூரியா கோல்டிலும் இருப்பது இதே தனிமக் கந்தகப் பூச்சுதான். 37 சதவீதம் தழை, 17 சதவீதம் கந்தகம். நல்ல யோசனை, ஆனால் சாதா யூரியாவின் அளவிலேயே போட்டால் தழைச்சத்து குறைந்துவிடும், கணக்கை மாற்றிப் போட வேண்டும்.

தண்ணீர் வடியாத நெல் வயலில் மட்டும் கை அடங்கட்டும். காற்றில்லாத சேற்றில் சல்பேட் சல்பைடாக மாறும். இரும்பும் குறைவாக இருந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வேரைக் கருக்கும். பிடுங்கினால் வேர் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் வந்தால் முதலில் தண்ணீரை வடித்துக் காயப்போடுங்கள். கேரளத்தின் குட்டநாட்டில் கரி நிலம் என்று உண்டு. அங்கே மண்ணுக்கடியில் இருக்கும் இரும்புச் சல்பைடு காற்றுப் பட்டதும் கந்தக அமிலமாகி மண்ணையே புளிக்க வைத்துவிடும். அவர்களுக்குக் கந்தக மிகுதிதான் தொல்லை.

சொட்டுநீர் போட்டிருப்பவர்கள் ஜிப்சத்தைக் கரைத்து விடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். ஒரு மூட்டை கரைய இருபதாயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். ஜிப்சத்தை மண்ணில் நேராகப் போட்டுவிடுங்கள். தொட்டியில் விடுவதற்கு அம்மோனியம் சல்பேட், வெள்ளைப் பொட்டாஷ் என்கிற பொட்டாசியம் சல்பேட், மெக்னீசியம் சல்பேட் மூன்றும் சரி. இவற்றில் எதையும் கால்சியம் நைட்ரேட்டோடு ஒரே தொட்டியில் கலக்காதீர்கள். கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்த நிமிஷமே தொட்டிக்குள் ஜிப்சம் பிறந்து அடியில் படியும், மிச்சம் சொட்டுவானை அடைக்கும். ஒரு நாள் ஒன்று, இரண்டு நாள் கழித்து மற்றது, நடுவில் வெறும் தண்ணீர் ஓட்டிக் குழாயைக் கழுவிவிடுங்கள்.